கொடியில் ஏறிய வள்ளங்கள்

அக்காவுக்கு யாரையும் ஏசத் தெரியாது. ஏசுகிறவர்களைப் பற்றி எனக்குப் பயமில்லை. வாய் களைத்ததும் அவர்களுடைய கோபமும் களைத்துவிடும். சொல்வதையெல்லாம் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு, போகும்போது படலை வரைக்கும் வந்து வழியனுப்புகிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். இதை அக்காவிடம் வேலைக்குப் போன புதிதிலேயே தெரிந்துகொண்டேன். கலியாணம் முடித்து மடத்துவெளிக்கு வந்து இத்தனை காலமான பிறகும், யாராவது என்னை முகத்துக்கு நேரே அவமதித்துவிட்டுப் போனால், அக்கா இதற்கு என்ன செய்திருப்பார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். அந்த யோசனையிலேயே பாதி மனம் ஆறிவிடும்.

ஊர்காவற்றுறையில் எங்கள் கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், தகரக் கூரை போட்ட கொட்டில் ஒன்றில் அக்கா 'பற்றிக்' என்கிற மெழுகுச் சாயத் துணி செய்தார். நானும் இன்னும் இரண்டு பெண்களும் அவரிடம் வேலை செய்தோம். வெள்ளைத் துணியில் உருக்கிய மெழுகால் படம் கீறி, சாயத்தில் தோய்த்து, முடிவில் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்றுகிற வேலை. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. முதலில் மஞ்சள், அதன் மேல் சிவப்பு, கடைசியில் கருநீலம் என்று வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போக வேண்டும். எந்த நிறம் தங்க வேண்டுமோ அந்த இடத்தை அடுத்த சாயத்துக்கு முன்னரே மெழுகால் மூடிவிட வேண்டும். கடைசிச் சாயத்திலிருந்து எடுக்கும்போது துணி முழுக்க அழுக்கு மெழுகும் இருட்டுமாகத்தான் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கீறின கைக்குத்தான் தெரியும். இப்படி ஒரு வேலையை அக்காவின் குணத்துக்கென்றே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மெலிந்த உடம்பு. ஒற்றைப் பின்னல். எந்த நேரமும் மெழுகுப் பொட்டு விழுந்த சட்டை. மண்ணெண்ணெய் அடுப்பில் மெழுகு உருகும்போது தூரிகையைத் தோய்த்து ஒரு துளியைத் தன் முன்னங்கையில் விட்டுப் பார்ப்பார். துணியில் விட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டால், "துணிக்கு வாய் இல்லை, அது பொய் சொல்லும்" என்பார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பார். கடிக்கிற சத்தம் ஒழுங்கைக்குக் கேட்கும். கதை குறைவு.

வேலையில் நாங்கள் விடுகிற பிழைக்கு அவர் கோபித்ததே இல்லை. ஒருமுறை ஒரு சீலையின் நடு முந்தானையில் நான் ஒரு துளி மெழுகைச் சிந்திவிட்டேன். மற்ற மெழுகையும் கழற்றாமல், சிந்தினதை மட்டும் துணியிலிருந்து முழுதாக எடுக்கவே ஏலாது. சுரண்டினாலும் சாயம் அந்த இடத்தில் பிடிக்காமல் தேமல் மாதிரித் தெரியும். நான் விறைத்துப்போய் நிற்க, அக்கா தூரிகையை வாங்கி அந்தத் துளியைச் சுற்றி ஐந்து இதழ் வைத்தார். பிறகு சீலை முழுவதும் அதே பூவைத் தூவினார். அந்தச் சீலைதான் அந்த மாதம் முதலில் விற்றது.

"மெழுகு தெரியாமல் விழுகிறது," என்றார். "மனிசர் அப்பிடியில்லை."

அப்படி இல்லாத மனிதருக்கு அவரிடம் வேறு வழி இருந்தது. பழி எடுப்பது என்று தீர்மானித்துவிட்டால் மூக்கால் ஒரு மாதா பாட்டை முணுமுணுக்கத் தொடங்குவார். அந்தப் பாட்டைக் கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். இந்த முறை யாருக்கோ என்று எங்களுக்கு விளங்கிவிடும்.

வேலணையிலிருந்து பெரிய வீட்டு அம்மா ஒருவர் சீலைக்குச் சொல்ல வந்தார். தங்கையின் மகளுக்குக் கலியாணம். நல்ல வெயிலில் வந்தவர் என்று அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய் வைத்தார். அம்மா கோப்பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கோப்பையை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

"நாங்கள் கண்ட இடத்திலை வாய் நனைக்கிறேல்லை, பிள்ளை."

"ஓம் அம்மா."

படலையைத் தாண்டியதும் முன்கடையில் சோடா வாங்கி நின்ற நிலையில் குடித்துவிட்டுத்தான் ஓட்டோவில் ஏறினார். அக்கா தள்ளி வைத்த தேத்தண்ணியைத் தானே குடித்தார். பனங்கட்டியை நொறுக்கென்று கடித்தார். மாதா பாட்டு தொடங்கியது.

சீலையைப் பார்த்தால் கண் பறிபோகும். குங்குமச் சிவப்பில் மாங்காய்க் கொடி, கரையில் கருநீலம். அந்தக் கருநீலத்துக்கு மட்டும் உப்பும் சலவைச் சோடாவும் போட்டுச் சாயம் கழராதபடி இறுக்காமல் விட்டிருந்தார் அக்கா. உலர்ந்த துணியில் எந்தக் குறையும் தெரியாது. கலியாண மண்டபத்தில் சனம் நெருக்கி, வேர்த்து ஒழுகின பிறகு அம்மாவின் இடுப்பும் காலும் நீலமாகிவிட்டன. பக்கத்தில் இருந்த சம்பந்தியின் பட்டு வேட்டியிலும் கொஞ்சம் நீலம் ஒட்டிக்கொண்டதாம். மறுநாள் ஓட்டோவில் வந்து இறங்கிக் கத்தினார். அக்கா "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சீலையை வாங்கி, "வேர்க்காமல் இருந்திருந்தால் ஒண்டும் நடந்திராது, அம்மா. தாங்கோ, இறுக்கித் தாறன்" என்றார். கத்திக் களைத்த அம்மா அக்காவின் கதிரையில் அமர்ந்து, அவராகவே கேட்டுத் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். கோப்பையின் அடி வரைக்கும் குடித்தார். எனக்கு அன்றைக்கு வந்த சிரிப்பு இப்போது நினைத்தாலும் வரும்.

எனக்காகவும் ஒருமுறை அந்தப் பாட்டைப் பாடினார். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு தாய், தட்டம் பிடித்த என் கையைத் திருப்பிப் பார்த்து, நகக்கண்ணில் இருந்த நீலத்தைக் கண்டு, "உந்தக் கையாலை சோறு போட்டால் ஆர் தின்னிறது?" என்று என் வீட்டிலேயே வைத்துக் கேட்டுவிட்டுப் போனார். நான் மறுநாள் வேலைக்குப் போய் மெழுகுச் சட்டிக்குள் கண்ணீர் விட்டேன். தண்ணீர் விழுந்தால் சூடான மெழுகு வெடித்துத் தெறிக்கும். அக்கா சட்டியை இழுத்து வைத்துவிட்டு விசயத்தைக் கேட்டார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மகனுக்கு வேறு இடத்தில் கலியாணம் நடந்தபோது, அழைப்பில்லாமலே ஒரு பரிசு அனுப்பினார். சுவரில் தொங்கவிடுகிற பற்றிக் படம். மணவறையில் மாப்பிள்ளை, பொம்பிளை, இருவருக்கும் நடுவில் நெருக்கி இருக்கும் மாமியார். மாமியாரின் கையில் மாப்பிள்ளையின் காது. முகங்கள் அச்சாக இருந்தனவாம். கலியாண வீடு முழுக்கச் சிரித்திருக்கிறது. புதுப்பொம்பிளை அந்தப் படத்தை விடாமல் வைத்திருந்து, பிறகு தனிக்குடித்தனம் போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டார் என்று கேள்வி.

"ஏன் அக்கா, நேரே போய் நாலு கேள்வி கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டால் அது முறைப்பாடு. அவை ஓம் எண்டு சொல்லுவினமோ இல்லையெண்டு சொல்லுவினமோ எண்டு நாங்கள் பாத்துக்கொண்டு நிக்க வேணும். எனக்கு ஆரின்ரை வாயையும் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது."

இதெல்லாம் சின்னப் பழிகள். பெரிய பழி ஒன்று அவரிடம் கிடந்தது. அது எங்கள் கரை முழுவதற்கும் தெரியும், யாரும் கதைப்பதில்லை. எனக்கு அதை அம்மாதான் சொன்னவர், அதுவும் அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில்.

எங்கள் கரையில் ஒரு வழமை உண்டு. யாராவது செத்தால், அடக்கம் முடியும்வரை ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. எந்த மீன் பட்டாலும் சரி, எவ்வளவு இறால் குதித்தாலும் சரி. அக்காவின் தகப்பன், நாங்கள் அப்பு என்று கூப்பிடுகிறவர், வலை பொத்துகிறவர். வாழ்நாள் முழுவதும் எங்கள் கரைச் சம்மாட்டியின் வலைகளில் கிழிந்த கண்களைக் கட்டிக் கொடுத்துக்கொண்டு மணலில் இருந்தவர். அவர் செத்த அன்றைக்குக் கடலில் இறால் அள்ளி அள்ளிப் பட்டது. அத்தனை வள்ளமும் சம்மாட்டியுடையவை. அவர் கரைக்கு வந்து ஒரு கதை சொன்னார்.

"அப்பு கடலுக்குப் போனவரோ? கரையிலை இருந்தவர்தானே. கடல் மறிக்கிறது கடலுக்குப் போறவைக்கு. இறங்குங்கோ."

இறங்கினார்கள். என் அப்பாவும் இறங்கினார்.

"போகமாட்டன் எண்டுதான் முதல் நிண்டவர்," என்றார் அம்மா. "பிறகு போயிட்டார். பெட்டி தூக்க நாலு பேர் வேணுமெல்லே? மூண்டு கிழவர்தான் நிண்டவை. நாலாவது மூலையை அவள் பிடிச்சவள். சேமக்காலைக் குழியடி வரைக்கும் தோள் மாத்தாமல் கொண்டுபோனவள். நாங்கள் பின்னாலை போனனாங்கள். அவள் ஒருத்தரையும் திரும்பிப் பாக்கேல்லை."

சம்மாட்டியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வாய் நிறையச் சிரிப்பு. கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பார். யார் வீட்டில் வருத்தமென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தன் வானை அனுப்புவார். எங்கள் அந்தோனியார் கோயில் திருநாளுக்குக் கொடி கொடுக்கிற உரிமை பரம்பரையாக அவருடைய வீட்டுக்கு. வழக்கமாகக் கொழும்பில் வாங்குவார். ஒரு வருடம் கனடாவிலிருந்து மருமகள் வந்திருந்தார். அவருக்குப் பற்றிக் துணியில் ஆசை. சம்மாட்டி மருமகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் கொட்டிலுக்கே வந்துவிட்டார்.

"பிள்ளை, இந்த முறை கொடியை நீர்தான் செய்து தர வேணும். அந்தோனியாரை நடுவிலை வையும். மிச்சமெல்லாம் உம்மடை விருப்பம். உலகத்தாலை சனம் வருகுது, ஒரு கலக்குக் கலக்க வேணும்."

"ஓம் சம்மாட்டி."

"உம்மடை அப்பர் எங்களுக்குத்தானே வலை பொத்தினவர்," என்று மருமகளுக்குக் காட்டிச் சொன்னார். "தங்கமான மனிசன். கை அப்பிடிக் கை."

"ஓம் சம்மாட்டி."

அக்கா படலை வரைக்கும் வந்து வழியனுப்பினார். திரும்பி வரும்போதே மாதா பாட்டு கேட்டது. மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தோனியாரின் முகத்தையும் குழந்தை யேசுவையும் லீலி மலரையும் கீற அக்கா எனக்குத் தந்தார். கொடியின் கீழ்ப்பாதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். அங்கே கடல் வருமென்று மட்டும் சொன்னார். மற்றவர்கள் போன பிறகு இருந்து, மெல்லிய தூரிகையால் பொட்டுப் பொட்டாக வைத்தார். வெள்ளைத் துணியில் நிறமில்லாத மெழுகு. நான் மீன் கூட்டமாக்கும் என்று நினைத்தேன். மஞ்சள் போட்டு, மூடி, சிவப்புப் போட்டு, மூடி, கருநீலத்தில் தோய்த்தோம். இடையில் சம்மாட்டி ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். மெழுகு பிடித்த கறுத்தத் துணியைக் கண்டு, "இதென்ன, தாச்சிக் கரி மாதிரிக் கிடக்கு" என்று பகிடி விட்டுப் போனார்.

கழற்றுகிற நாள் கிடாரத்தில் தண்ணீர் கொதித்தது. நான் தடியால் கிண்டினேன். மெழுகு மேலே மிதக்க, துணியைத் தூக்கிக் குளிர்ந்த தண்ணீரில் அலசி விரித்துப் பார்த்தேன். அந்தோனியாரின் காலடியில் கடல். கடல் நிறைய வள்ளங்கள். ஒவ்வொரு வள்ளத்தின் முன் அணியத்திலும் ஒவ்வொரு குறி. ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் சிலுவை, ஒன்றில் மீன்கண். ஒன்றில் நுனி உடைந்த பிறை. அது எங்கள் அப்பா போன வள்ளம். பெயின்ற் அடித்தவனுக்குக் கை சறுக்கியதால் பிறையின் நுனி உடைந்துபோனது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்த மரவள்ளங்கள் ஒன்றும் இப்போது இல்லை. உக்கி விறகாகிவிட்டன, கரையில் எல்லாம் பைபர் படகுகள். அக்கா அத்தனை குறியையும் மனதில் வைத்திருந்தார். கடலுக்கு இப்பால் மணலில், விரல் நகமளவு, நாலு பேர் ஒரு பெட்டி சுமந்து போனார்கள். மூன்று பேருக்கு முதுகு கூனியிருந்தது. நாலாவது ஆளுக்கு ஒற்றைப் பின்னல்.

"அக்கா, இது எங்கடை அப்பா."

"வள்ளம்," என்றார். "அப்பாவை நான் கீறேல்லை."

"எல்லாருக்கும் விளங்கும், அக்கா."

"விளங்கத்தானே வேணும். உமக்கு வேணுமெண்டால் இப்பவே போய்ச் சொல்லும். நான் மறிக்கமாட்டன்."

நான் போகவில்லை. உண்மையைச் சொன்னால், சம்மாட்டியின் முகம் அந்தக் கொடியைப் பார்க்கும்போது எப்படிப் போகிறது என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. அப்பாவை நினைத்தால் நெஞ்சு இடித்தது. ஆனாலும் ஆசைதான் பெரிதாக இருந்தது.

கொடியை மடித்து, உள்ளே பூவிதழ் வைத்துச் சுருட்டி, இழுத்தால் அவிழ்கிற முடிச்சுப் போட்டுத்தான் கோயிலுக்குக் கொடுப்பது வழமை. பங்குச் சுவாமி சுருட்டாகவே ஆசீர்வதிப்பார். கம்பத்தின் உச்சிக்குப் போன பிறகுதான் அது விரியும். ஏற்றிய கொடியைத் திருநாள் முடியுமுன் இறக்கினால் கரைக்குக் கேடு. ஆகவே விரிந்த பிறகு யாரும் ஒன்றும் செய்ய ஏலாது. அக்கா இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்தார்.

கொடியேற்றத்தன்று கரை முழுக்கச் சனம். சம்மாட்டி வெள்ளை வேட்டியில் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வெடி வெடித்தது, மணி அடித்தது, பூ கொட்டியது, காற்று கொடியைப் பிடித்து விரித்தது. "ஓ" என்று ஒரு சத்தம் எழும்பியது. பிறகு நடுவயது ஆம்பிளைகள் நின்ற பக்கம் மட்டும் சத்தம் இல்லாமல் போனது. அப்பா தலையை அண்ணாந்தபடி நின்றார். நான் சம்மாட்டியைப் பார்த்தேன்.

சம்மாட்டி வாயைத் திறந்து கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தட்டினார்.

"எங்கடை பழைய வள்ளங்கள்! மாதாவே, அந்தப் பிறை போட்டது கூட இருக்கு! பிள்ளை, இங்கை வந்து பாரும்," என்று மருமகளைக் கூப்பிட்டார். மருமகள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். "மாமா, இவை என்ன தூக்கிக்கொண்டு போகினம்?"

"அது ஐஸ் பெட்டியாக்கும். அந்த நாளையிலை இறால் அடைச்சு அப்பிடித்தான் கொண்டுபோறது."

அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றார். என் கையை அவர் பிடித்ததை, நகம் அழுந்தியபோதுதான் உணர்ந்தேன். பிறகு திரும்பி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். கொட்டிலுக்குள் போய், ஆறிப்போன மெழுகுச் சட்டிக்கு முன்னால் குந்தினார்.

"அவனுக்கு ஞாபகமே இல்லையடி."

அதுவரை என்னை ஒருநாளும் அவர் அடி போட்டுக் கூப்பிட்டதில்லை.

"அப்புவை ஞாபகம் இருக்கு. அப்புவின்ரை கையை ஞாபகம் இருக்கு. வள்ளத்திலை போட்ட குறியும் ஞாபகம் இருக்கு. அந்த நாளை மட்டும் மறந்துபோட்டான். மறந்தவனை நான் என்ன செய்யிறது?"

"போய்ச் சொல்லுங்கோ, அக்கா. நேரே சொல்லுங்கோ."

"சொல்லமாட்டன்."

"பிறகு எப்பிடித் தெரியும்?"

"நான் சொன்னால், அவன் ஐயோ பிள்ளை எண்டு தலையிலை கை வைச்சு, ஒரு பூசைக்குச் சொல்லிக் குடுத்து, அதோடை முடிச்சுப்போடுவான். எனக்கு அது வேண்டாம்."

அழவில்லை. அவர் அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் ஒரு ஆளை, அந்தச் சம்மாட்டியை, அவ்வளவு வெறியோடு வெறுத்தது அன்றைக்குத்தான். எங்கள் கரையில் அந்தக் கொடியின் கீழ் சம்மாட்டிக்கு மட்டும்தான் நிம்மதி. ஏவினவர் நவநாள் பூசைக்கு முன்வரிசையில் நின்று பாடினார். ஏவப்பட்டவர்கள் ஒவ்வொருவராகப் பின்னுக்குப் போய் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அண்ணாந்து பார்க்காமல் பூசை கண்டார்கள். அக்காவின் பழி, கல்லை விட்டுவிட்டு மண்ணைச் சுட்டது.

அப்பா வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்தால் சோற்றை அளைந்துகொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"நீயும் சேர்ந்தோ கீறினனீ?"

"நான் அந்தோனியாரைக் கீறினன், அப்பா."

"வடிவாய்த்தான் இருக்கு." சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினார். "பிறையின்ரை நுனி உடைஞ்சதைக் கூட விடேல்லை அவள். நாங்கள் எண்டால் மறந்துபோட்டம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தம்."

அம்மா சோற்றுச் சட்டியை மூடிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

திருநாள் பூசை முடிந்து கொடியிறக்கம். இறக்கிய கொடி, கொடுத்தவர் வீட்டுக்குப் போவதுதான் முறை. சம்மாட்டி அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மண்டபத்தில் மாட்டப்போவதாகச் சுவாமியிடம் சொல்லிக்கொண்டு கை நீட்டினார். வேப்பமரத்தடியிலிருந்து அப்பா வந்து கொடியின் மேல் கை வைத்தார்.

"கொடி கோயிலிலை கிடக்கட்டும், சம்மாட்டி."

"ஏன்ராப்பா? குடுத்தவன் வீட்டுக்குத்தானே போறது. வழமையெல்லே."

"வழமை கதைக்கிறதெண்டால் நானும் ஒண்டு கதைக்க வேணும். இந்த வள்ளமெல்லாம் என்னண்டு தெரியுமோ?"

"எங்கடை வள்ளங்கள்."

"ஓம். அப்பு வீட்டிலை பெட்டியிலை கிடக்கேக்கை, நீங்கள் சொல்லி, கடலிலை இறங்கின வள்ளங்கள். இந்தப் பிறை போட்டதிலை நான் இருந்தனான். இது ஐஸ் பெட்டி இல்லை. அப்புவின்ரை பெட்டி. தூக்க ஆள் இல்லாமல் அந்தப் பிள்ளை தோள் குடுத்தது."

அத்தனை சனமும் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்கா பெண்கள் பக்கத்தில் அசையாமல் நின்றார். சுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சம்மாட்டி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவர் உண்மையாகவே யோசித்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு முகம் மலர்ந்தது.

"ஓ, அதுவோ! அந்த இறால் பட்ட நாள்!" அப்பாவின் தோளில் தட்டினார். "அண்டைக்கு அள்ளினமெல்லே, உனக்கு ஞாபகம் இருக்கோ? வள்ளம் தாழுமளவுக்கு!"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டார். கொடியை மடித்துச் சுவாமியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். ஒருவர் பின் ஒருவராக மற்ற ஆம்பிளைகளும் போனார்கள். எங்கே போய் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பா வீட்டுக்குச் சுணங்கி, ஊர் படுத்த பிறகுதான் வந்தார்.

மறுநாள் விடிய என்ஜின் சத்தம் கேட்காமல் நான் கண் விழித்தேன். அந்தக் கிழமை இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்தது. திருநாளுக்காக நின்ற தொழிலை அன்றைக்குத் தொடங்க வேண்டும். கரைக்குப் போனேன். படகுகள் மணலில் கிடந்தன. ஆம்பிளைகள் எல்லோரும் சாவீட்டுக்குப் போகிற வெள்ளைச் சாரமும் சேட்டும் போட்டுக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். நடுவில் அப்பா.

சம்மாட்டி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"ஆர் செத்தது?"

"வலை பொத்தின அப்பு," என்றார் அப்பா.

"விசரே உங்களுக்கு? அந்தாள் செத்து எவ்வளவு காலம்!"

"ஓம். நாங்கள்தான் சுணங்கிப்போனம்."

சம்மாட்டி கடலைக் காட்டினார். காலடியிலேயே இறால் துள்ளியது. முதலில் பகிடி விட்டார், பிறகு கெஞ்சினார், பிறகு வெருட்டினார். ஒருவரும் எழும்பவில்லை. கடைசியில் சம்மாட்டியின் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லாமல் போனது. அது இல்லாமல் அவரை நான் கண்டது அதுதான் முதல் தடவை. அவர் ஒவ்வொரு படகாகப் பார்த்தார். அன்றைக்கு இறங்கினது யார் யார் என்று இப்போதுதான் எண்ணுகிறார் போல இருந்தது.

யாரோ போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கை நிறைய நீலத்தோடு வந்து மணலில் நின்றார். அப்பா எழும்பி அவருக்கு முன்னால் போனார்.

"பிள்ளை, இண்டைக்கு ஒருத்தரும் இறங்கேல்லை. அப்புவுக்காகத்தான். நாங்கள் அண்டைக்குச் செய்திருக்க வேணும்."

அக்கா அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வரிசையில் இருந்த ஆம்பிளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். சம்மாட்டியைப் பார்த்தார். துள்ளுகிற இறாலைக் கனநேரம் பார்த்தார்.

"ஒரு நாள் போதாது, அண்ணை," என்றார்.

எங்கள் வீட்டு உலையும் அந்த இறாலில்தான் கொதிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அதே நேரம் அவருடைய காலில் விழவும் வேணும்போல் இருந்தது. அப்பா திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. அப்பா மணலில் போய் மறுபடி இருந்தார்.

அந்தக் கிழமை ஏழு நாளும் ஒரு படகும் இறங்கவில்லை. கிழமை முடிய இறாலும் போய்விட்டது.